வீட்டு வேலையில் ஆண்-பெண் இடைவெளி: 3 மடங்கா, 10 மடங்கா?

நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணி வரை என்ன செய்தீர்கள்? அரை மணி நேரக் கணக்கில் சொல்லுங்கள் பார்ப்போம்.

2024-ல் தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் களப்பணியாளர்கள் நாடு முழுக்க சுமார் 1.39 லட்சம் வீடுகளில் கேட்ட கேள்வி இதுதான். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர். 2019-ல் முதல் முறையாக நாடு தழுவி நடந்தது. இது இரண்டாவது.

யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று சொல்ல நிறைய சர்வேக்கள் உண்டு. யார் எவ்வளவு நேரம் பாத்திரம் தேய்த்தார்கள் என்று சொல்வது இந்த சர்வே.

எண்கள் என்ன சொல்கின்றன?

6 வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். வித்தியாசம் 201 நிமிடங்கள்.

2019-ல் இது 299-க்கு 97. அதாவது 202 நிமிடங்கள். ஐந்து வருஷத்தில் இடைவெளி குறைந்தது ஒரே ஒரு நிமிடம்!

சரி, 289-ஐ 88-ஆல் வகுத்தால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். அவ்வளவுதானே என்று தோன்றலாம். இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்த 88-ல் ஒளிந்திருப்பது என்ன?

88 நிமிடங்கள் என்பது எல்லா ஆண்களின் சராசரி அல்ல. அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிச் செய்தவர்கள் 100-க்கு சுமார் 27 பேர். மீதி 73 பேர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பெண்களில் 100-க்கு 81 பேருக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

எல்லோரையும் சேர்த்து நாமே பெருக்கிப் பார்க்கலாம். ஆண்களுக்கு சுமார் 24 நிமிடங்கள் வருகிறது, பெண்களுக்கு சுமார் 235. மூன்று மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 10 மடங்கு.

"நான் வீட்ல ஹெல்ப் பண்றேனே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த 27 பேரில் அவரும் ஒருவராக இருக்கலாம். பிரச்சினை, அதற்கு 'ஹெல்ப்' என்று பெயர் வைப்பதில்தான். ஹெல்ப் என்றாலே வேலை வேறொருவருடையது என்று ஆகிவிடுகிறது.

இதற்கும் ஆபீஸுக்கும் என்ன சம்பந்தம்?

15 முதல் 59 வயதுவரையிலான பெண்களில், வேலை மற்றும் அது சார்ந்த செயல்களில் ஈடுபட்டவர்கள் 2019-ல் 21.8 சதவீதம். 2024-ல் இது 25 சதவீதம். அதே ஐந்து வருஷத்தில், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் பங்கு கூடியது ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளிதான். பெண்கள் வேலைக்கு வந்த வேகத்தில் ஆண்கள் அடுப்படிக்கு வரவில்லை.

2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வது இதோடு பொருந்தும். ராத்திரி கால் வந்தாலும் எடுக்கிற, வார இறுதியிலும் லேப்டாப்பைத் திறக்கிற ஆளுக்குத்தான் பல வேலைகளில் கூடுதல் சம்பளம். குழந்தை வந்ததும் இருவரில் ஒருவர் அப்படி ஓட, இன்னொருவர் வீட்டுக்காக வேகத்தைக் குறைக்கிறார். குறைப்பவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இதையே லேசாகத் தள்ளிவிடுகிறது. 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு அம்மாவுக்கு 26 வாரங்கள் சம்பளத்துடன் விடுப்பு. மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 15 நாட்கள். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் இல்லை. கம்பெனி மனசு வைத்தால் உண்டு.

நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன?

விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு போட வேண்டும் என்றது. அதற்கு ஆதாரமாக 299, 97 என்ற இதே சர்வேயின் எண்களை எடுத்துக்காட்டியது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. கணவர் சவுதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. ஆனால் இதை நம்பி 'எனக்கும் பாதி தானாக வந்துவிடும்' என்று இருந்துவிடாதீர்கள். திருமணத்துக்குப் பின் சேரும் சொத்தில் சரிபாதி என்று சொல்லும், நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இன்னும் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கு என்ன?

ஒரு தாளில் 48 கட்டங்கள் போடுங்கள், கட்டத்துக்கு அரை மணி நேரம். வீட்டில் ஆளுக்கொரு தாள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, இரண்டையும் நிரப்புங்கள்.

கட்டத்தில் அடங்காத வேலைகளுக்கும் கீழே ஒரு லிஸ்ட் போடுங்கள். கேஸ் எப்போது தீரும், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள், மாமியாருக்கு மாத்திரை இருக்கிறதா, நாளைக்கு இட்லி மாவு போதுமா? இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது யார்? ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் மண்டைக்குள் ஓடுகிற வேலை இது. எந்த நிமிடக் கணக்கிலும் முழுசாகச் சிக்காது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை போட அல்ல. அடுத்த வாரம் எந்தக் கட்டம் யார் தாளுக்கு மாறப்போகிறது என்று முடிவு செய்ய.