ஓய்வுபெற்ற போலீஸ்காரரின் இரண்டு அத்தாட்சிகள்

முப்பது ஆண்டுகள் இடுப்பில் துப்பாக்கியோடு தெருக்களைச் சுற்றிவந்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர், ஒரு மாலையில் சின்னத்தையும் ஆயுதத்தையும் மேஜைமீது வைத்துவிட்டு வீடு திரும்பும்போது, முடிவடைவது அவருடைய உத்தியோகமே தவிர, அந்த உத்தியோகத்தில் அவர் சம்பாதித்த விரோதங்கள் அல்ல. தாம் சிறைக்கு அனுப்பியவன் விடுதலையாகி, என்றேனும் ஓர் அயலூர்க் கடைவீதியில் எதிர்ப்படக்கூடும் என்ற நியாயமான அச்சம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு சமஷ்டிச் சட்டத்துக்கே வித்தாயிற்று.

அந்நாட்டில் துப்பாக்கியை உடையினுள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதிகளை ஒவ்வொரு ராஜ்யமும் தன் இஷ்டப்படி வகுத்துக்கொள்வதால், ஓரிடத்தில் முறைப்படி பெற்ற லைசென்ஸ் அடுத்த ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டியதும் செல்லாக்காசாகி, அதை வைத்திருப்பவரே குற்றவாளியாக நிற்கும் விபரீதம் நேர்வதுண்டு. போலீசாருக்கு மட்டும் இந்தச் சங்கடத்தை நீக்கும்பொருட்டு, 2004 ஜூலை 22ஆம் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்டு நிறைவேறியதே ‘சட்ட அமலாக்க அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம்’. பிரதிநிதிகள் சபையில் மசோதாவாக இருந்தபோது அதற்கு இடப்பட்ட இலக்கத்தைக் கொண்டு, ஓய்வுபெற்ற போலீசார் இன்றும் தங்களுக்குள் அதை ‘எச்.ஆர். 218’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

யாருக்கு உரிமை?

கைது செய்யும் அதிகாரம் உள்ள பதவியில் இருந்து, நற்பெயருடன் விலகியவராக இருக்கவேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஆரம்பத்தில் 15 ஆண்டுச் சேவை வேண்டுமென்றிருந்ததை 2010ஆம் ஆண்டுத் திருத்தம் 10 ஆண்டாகக் குறைத்தது. பணியின் காரணமாக அங்கஹீனமுற்று விலகியவர், தகுதிகாண் காலத்தை முடித்திருந்தாலே போதும். மனநிலை காரணமாகத் தகுதியற்றவர் என்று வைத்தியரால் தீர்மானிக்கப்பட்டவருக்கும், சமஷ்டிச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. மதுபோதையில் இருக்கும் வேளையில் எவருக்கும் கிடையாது. இயந்திரத் துப்பாக்கியும் சத்தத்தை அடக்கும் கருவியும் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

நேற்றும் இன்றும்

இத்தனை நிபந்தனைகளையும் நிறைவேற்றியவர் தம் தகுதியை நடுத்தெருவில் எப்படி நிரூபிப்பது? சட்டம் இரண்டு விஷயங்களுக்கு அத்தாட்சி கேட்கிறது. இவர் ஒரு காலத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தார் என்பதற்கு, பழைய இலாகா அளித்த, புகைப்படம் தாங்கிய அடையாள அட்டை வேண்டும். இவருடைய கை இன்னும் நடுங்காமல் சுடுகிறது என்பதற்கு, கடந்த 12 மாதங்களுக்குள் சுடும் பரீட்சையில் தேறிய சான்று வேண்டும். சில இலாகாக்கள் இரண்டையும் ஒரே அட்டையில் பொறித்துக் கொடுக்கின்றன. மற்றவர்கள் அட்டையை ஒரு பையிலும் சான்றிதழை மறு பையிலுமாகச் சுமக்கிறார்கள். முன்னது நேற்றைப் பற்றியது, அது மாறுவதில்லை. பின்னது இன்றைப் பற்றியதாகையால், வருஷந்தோறும் தம் சொந்தச் செலவில், பணியிலிருக்கும் இளைஞர்களுக்கு விதித்த அதே அளவுகோலுக்கு உட்பட்டு, அவர் இலக்குப் பலகையின் முன் மீண்டும் நின்றாகவேண்டும்.

கலிபோர்னியா ராஜ்யம் தன் சொந்தச் சட்டப்படி வழங்கும் அட்டை இரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். அந்தச் சிறு பரப்பில் புகைப்படம், பெயர், பிறந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி, இலாகாவின் பெயர், விலாசம் ஆகியவற்றோடு, ஆயுதத்தை மறைத்துத் தரிக்க அனுமதி உண்டு என்ற முத்திரையும், அதைப் புதுப்பிக்கவேண்டிய நாளும் இடம்பெறுகின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதுமான இந்த முத்திரையை மட்டும் நம்பி அயல் ராஜ்யத்துக்குப் பிரயாணம் செய்பவருக்குச் சமஷ்டிச் சட்டத்தின் பாதுகாப்பு கிட்டாது. அதற்கு அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கே பிரமாணம்.

கோர்ட்டு வரை

அட்டை வழங்கியே தீரவேண்டும் என்று எந்த இலாகாவையும் இச்சட்டம் வெளிப்படையாகக் கட்டாயப்படுத்தாததால், வழக்குகள் முளைத்தன. வாஷிங்டன் நகரில் சிறைக்காவலர்களாக இருந்து ஓய்வுபெற்ற நால்வருக்கு, அவர்கள் சட்ட அமலாக்க அதிகாரிகளாக இருந்தவர்களே என்று சான்றளிக்க அவர்களுடைய இலாகா மறுத்தபோது, இந்த உரிமைக்காக அவர்கள் வழக்காட இடமுண்டு என்று அப்பீல் நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொல்லிற்று. தன் எல்லைக்குள் வசிக்கும் ஓய்வுபெற்ற போலீசார் தன்னிடம் தனி அனுமதியும் பெறவேண்டும் என்று வற்புறுத்திய நியூ ஜெர்சி ராஜ்யத்தின் விதி, சமஷ்டிச் சட்டத்தின் முன் நில்லாது என்று 2024 பிப்ரவரியில் மற்றோர் அப்பீல் நீதிமன்றம் கூறியது.

ஆயினும் இந்த உரிமைக்கு எல்லைகள் உண்டு. தனியார் தம் இடத்தில் ஆயுதம் கூடாதென்று தடுக்க வகைசெய்யும் ராஜ்யச் சட்டங்களும், சர்க்கார் கட்டடங்களிலும் பூங்காக்களிலும் தடைவிதிக்கும் ராஜ்யச் சட்டங்களும் அப்படியே செல்லும். விமானத்தில் ஏறவும் இது அனுமதிச் சீட்டாகாது. எவரையும் கைது செய்யும் அதிகாரத்தை இந்த அட்டை திருப்பித் தருவதுமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அத்தாட்சியைக் கையோடு வைத்திருப்பவரையே சட்டம் பாதுகாக்கிறது. ஆகவே, முப்பது ஆண்டுகள் பிறரிடம் லைசென்ஸ் கேட்டுப் பழகிய மனிதர், இன்று முன்பின் தெரியாத ஓர் இளம் கான்ஸ்டபிளின் முன் நிற்கும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார். அட்டை வீட்டு மேஜையில் கிடக்கிறதென்றால், அந்த நிமிஷத்தில் இச்சட்டம் அவருடைய துணைக்கு வாராது.