ஒன்பதாம் நாள்

ஓட்டமாவடிப் பாலத்துக்குச் சற்று அப்பால், தகரக் கொட்டில் ஒன்றில் அக்குடும்பத்தை நாம் சந்தித்தோம். 2014 ஐப்பசி. தமிழகத்து அகதி முகாமிலிருந்து வந்து அன்று ஒன்பதாம் நாள். 1990இல் எட்டு வயதில் படகேறிய தகப்பனுக்கு இது திரும்பி வருதல். முகாமிலேயே வளர்ந்த தாய்க்கும் ஐந்து வயது மகளுக்கும் புது நாடு.

ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிச் சென்றதுதான் தகப்பனின் ஞாபகம். 2010இல் திறந்த புதுப் பாலத்தை ரயில் யன்னலால் கண்டு, ஊர் தவறிவிட்டதோ என்று பயந்தாராம்!

அயல்வீட்டு ராத்தா "மறுகா வா மகள்" என்றபோது பிள்ளை விழித்தது. கிணற்று நீர் கரித்தது. வாவியோரத்தில் மழைநீர் உவர்நீரின் மேல் படையாக மிதக்கிறது. மோட்டாரால் இறைத்தால் அடியுப்பு மேலேறும். வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளும்படி ராத்தாதான் பழக்கினார். (குழாய்க் கிணறு அடிக்க வரும் திட்டக்காரரும் அவரிடம் கேட்பது நல்லது.)

பெரிய கவலை வேறு. மகளுக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே உண்டு. இலங்கைப் பிரசையாகப் பதியவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பிந்தினாலும் வழியுண்டு, அலைச்சல்தான் அதிகம். தை மாதம் முதலாம் வகுப்பு.

"இவளும் அகதியா ஐயா?" என்று தாய் எம்மிடம் கேட்டார்.

மழை இருட்டியது. சான்றிதழை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு, தகப்பன் எம்மோடு கிராம சேவகரிடம் புறப்பட்டார்.