கப்பலேறிப் போன தாத்தாவைத் தேடுறீங்களா? ‘அரியலூர்’ என்று தேடாதீங்க!

மலேசியாவுக்கோ மொரீஷியஸுக்கோ ஒருமுறையாவது போகணும் என்ற ஆசை, பெரம்பலூர், அரியலூர் பக்கம் சில வீடுகளில் சுற்றுலா ஆசை மட்டுமல்ல. ‘கப்பலேறிப் போன தாத்தா என்ன ஆனார்?’ என்ற கேள்வியும் கூடவே இருக்கும்.

டிக்கெட் போடும் முன் ஒரு விஷயம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். இன்றைய அரியலூர் மாவட்டம் 2007-ல் வந்தது. தாத்தா கிளம்பியபோது இரண்டுமே திருச்சி ஜில்லா. அதனால் பழைய பதிவேடுகளில் ‘டிரிச்சினாப்பள்ளி’ என்று தேடுங்கள். தாலுகா, உடையார்பாளையம் அல்லது பெரம்பலூர்.

தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பரில். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் வரை இருக்கும். மொரீஷியஸ் பதிவேடுகள் மோகா நகர் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் உள்ளன. அதிர்ஷ்டம் இருந்தால் போட்டோவே கிடைக்கும்!

குமாஸ்தா காதில் விழுந்ததுதான் எழுத்து. எனவே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையிலும் தேடணும்.

மலாயாதான் சிக்கல். கங்காணி கூட்டிப்போனவர்களுக்கு இப்படி ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. பரணில் கிடக்கும் காகிதங்கள்தான் துணை. மணியார்டர் ரசீது, எஸ்டேட் பெயருள்ள கடித உறை, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய வருஷம்... எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

முத்துசாமி என்ற பெயரில் பட்டியலில் பலர் இருப்பார்கள். தந்தை பெயர்தான் ஆளைப் பிரித்துக்காட்டும். அதைச் சரியாகச் சொல்ல வீட்டில் ஒரே ஒரு பாட்டிதான் மிச்சம் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு, போனில் பதிவு பண்ணிடுங்க.