உங்களுக்குத் தெரியுமா? 25 கிராமில் 210 மீட்டர்!

இங்கிலாந்தின் ரோவன் நிறுவனம் விற்கும் 'கிட்சில்க் ஹேஸ்' என்ற நூல் உருண்டையின் எடை 25 கிராம். ஒரு கோழிமுட்டையின் பாதி எடைதான். ஆனால் பிரித்து நீட்டினால் 210 மீட்டர் ஓடும்! 70 சதவீதம் வெள்ளாட்டுக் குட்டியின் ரோமம், 30 சதவீதம் பட்டு. இப்படி ஆறு உருண்டை இருந்தால் ஒரு பெண்ணுக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிவிடலாம். மொத்தமே 150 கிராம். தடித்த கம்பளி ஸ்வெட்டர் என்றால் அரைக் கிலோவுக்குக் குறையாது.

★

இந்த நூலின் நடுவில் ஓடுவது பட்டிழை. இழுத்தால் அறுந்துவிடாமல் தாங்குவது அதுதான். ஆட்டு ரோமம் அதைப் பற்றிக்கொண்டு, நுனிகளை வெளியே நீட்டியபடி நிற்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நூலைச் சுற்றி ஒரு பனிமூட்டம் தெரியும். பார்க்கப் புசுபுசுவென்று தடிமனாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது தையல் நூலைப் போன்ற மெல்லிய இழைதான்.

★

மெல்லிய நூலுக்கு மெல்லிய ஊசி என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே நேர்மாறு. 4, 5 மில்லிமீட்டர் ஊசி சாதாரணம். 8 மில்லிமீட்டர் வரை போகிறவர்களும் உண்டு. கண்ணிகள் பெரிதாக விழும், துணி வலைபோல இருக்கும். அந்த ஓட்டைகளைத்தான் ரோமம் தன் பஞ்சால் மூடுகிறது. ஆடை மெல்லிய திரைபோல ஊடுருவித் தெரியும், ஆனாலும் குளிரை அண்டவிடாது. காரணம், ரோமங்களுக்கிடையே அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. பருத்திச் சட்டைக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்று நடு அடுக்காக இதைப் போட்டுக்கொள்ளும்போது இந்தக் காற்று இன்னும் பத்திரமாக இருக்கிறது.

★

அங்கோரா நூல் அங்கோரா ஆட்டிலிருந்து வருவதில்லை! அது அங்கோரா முயலின் ரோமம். அங்கோரா வெள்ளாட்டின் ரோமத்துக்குப் பெயர் மொஹேர். தேர்ந்தெடுத்தது என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆட்டுக்கும் முயலுக்கும் பெயர் கொடுத்த ஊர் ஒன்றே: துருக்கியின் இன்றைய தலைநகர் அங்காரா.

★

இன்று உலக மொஹேரில் ஏறக்குறைய பாதியைத் தருவது துருக்கி அல்ல, தென்னாப்பிரிக்கா. அது நடந்த விதத்தை ஆடு வளர்ப்பவர்கள் இப்படிச் சொல்வார்கள். அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு இந்த ஆடுகளை எளிதில் வெளியே விடாது. 1838இல் 12 கிடாக்களையும் ஒரே ஒரு பெட்டையையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியது. அங்கே இனம் பெருகிவிடக் கூடாது என்று கிடாக்கள் எல்லாவற்றையும் மலடாக்கித்தான் அனுப்பியது. பெட்டை சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழியிலேயே அது குட்டி போட்டது. கிடாக்குட்டி!

★

அங்கோரா ஆடுகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ரோமம் கத்தரிப்பார்கள். முதல் கத்தரிப்புகளில் கிடைக்கும் குட்டி ரோமம்தான் மிக மெல்லியது, சுமார் 25 மைக்ரான். வயதாக ஆக 40 மைக்ரானை நெருங்கும். மனிதத் தலைமுடி 70 மைக்ரான் அளவு. கழுத்தில் குத்துகிற மொஹேர் ஸ்வெட்டர் உங்களிடம் இருந்தால், அது வயதான ஆட்டின் ரோமமாக இருக்கலாம்.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் சிலவற்றில் ஆடுகளைக் கொடுமையாக நடத்தும் காணொளி 2018இல் வெளியானது. பல பெரிய ஆடை நிறுவனங்கள் மொஹேரையே கைவிட்டன. அதன் பிறகு 2020இல் 'பொறுப்பான மொஹேர் தரநிலை' வந்தது. பண்ணையில் ஆடு நடத்தப்படும் விதத்தைச் சோதித்துத் தரும் சான்று அது. சான்றுள்ள நூலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தாலும் கொடுக்கலாம் என்பேன். உடம்பை ஒட்டிக் கிடக்கப்போகிற நூல் அல்லவா?

★

மொஹேரில் தப்பாகப் பின்னிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. ரோமங்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். முதல் முறை நான் வெடுக்கென்று இழுத்ததில் நூல் முடிச்சாகி, இரண்டு நாள் வேலை கத்தரிக்கோலுக்குப் போனது. பின்னல்காரர்கள் கைமாற்றிவரும் வைத்தியம் இது: பின்னலை ஒரு பையில் போட்டுச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் ரோமம் விறைத்துப் பிடி தளரும். வெளியே எடுத்தவுடன், கண்ணி கண்ணியாக, மெதுவாகப் பிரியுங்கள். அதைவிட நல்லது முன்னெச்சரிக்கை. இருபது வரிசைக்கு ஒருமுறை வழவழப்பான ஒரு பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்துவிட்டுத் தொடர்ந்தால், பிரிவு அந்த நூலோடு நின்றுவிடும்.

★

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள். அவற்றின் வடகோடி அன்ஸ்ட். அங்கே பின்னிய ஆறடிச் சதுரச் சால்வை சுமார் 70 கிராம்தான் இருக்கும், கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். அந்தத் தீவுச் செம்மறிகள் கோடைத் தொடக்கத்தில் தாமாகவே ரோமம் உதிர்க்கும் இனம். கழுத்துப் பகுதி ரோமத்தைக் கத்தரிக்காமல் கையாலேயே பறித்தெடுத்து நூற்பார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் இடுப்பில் தோல் பட்டை கட்டி, அதன் துளையில் ஒரு ஊசியைச் செருகிக்கொண்டு, நடந்துகொண்டே பின்னுவார்கள்.

இந்தத் தீவுகளின் பின்னலை லண்டனில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் ஆர்தர் ஆண்டர்சன், பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர், ஷெட்லாந்துக்காரர். விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்தின் மெல்லிய காலுறைகளைப் பரிசளித்து ஊர்ப் பின்னலுக்குப் பெயர் தேடித் தந்தார்.

பெயர் வந்தது, காசு வரவில்லை. வியாபாரிகள் பின்னியவளுக்குப் பணம் தராமல் கடைச் சரக்கையே கூலியாகக் கொடுத்தார்கள். தேயிலை, துணி, இப்படி. மாவு வாங்கவேண்டிய வீட்டில் பட்டு ரிப்பனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கூலியாக வந்த தேயிலையைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தில் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிக்கொண்டார்கள். 1872இல் அரசு விசாரணை ஆணையம் தலைநகர் லெர்விக்குக்கு வந்தபோது அந்தப் பெண்களே நேரில் வந்து இதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது விசாரணைப் பதிவில் அச்சாகியிருக்கிறது. மோதிரத்துக்குள் நுழையும் சால்வையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

★

எஸ்தோனியாவின் ஹாப்சாலு ஊர்ச் சால்வைகளில் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். ஒரே கண்ணியில் ஐந்து, ஏழு என்று சுற்றெடுத்து, அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முடிப்பார்கள். பெயர் 'நுப்'. அழகுக்கு என்றுதான் நினைப்போம். சால்வைகளை எடைபோட்டு வாங்கிய காலத்தில் நாலு காசு கூடக் கிடைக்கட்டும் என்று குமிழ்களைச் சேர்த்தார்கள் என்றும் சொல்வதுண்டு. குமிழுள்ள பின்னலைக் கையில் எடுத்தால், நூல் கூடுதலாகத்தான் போயிருக்கிறது என்று தெரியும்.

★

புசுபுசு நூலில் சிக்கலான லேஸ் வேலைப்பாடு வேண்டாம். பூவும் இலையும் பஞ்சுக்குள் மறைந்துவிடும். வெறும் நேர்ப் பின்னலே போதும்.

அதைவிட, நிறத்தில் விளையாடலாம். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் அல்லவா? அதேபோல இரண்டு நிற நூல்களைச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் மூன்றாவது நிறம் பிறக்கும். உள்ளே போடும் சட்டையை மாற்றினாலும் ஸ்வெட்டரின் நிறம் மாறும். வெளிர் சாம்பல் மொஹேர் வெள்ளைச் சட்டைமேல் மேகமாகவும், கருநீலச் சட்டைமேல் புகையாகவும் தெரியும்.

★

மொஹேர் ஸ்வெட்டரில் முடிக்கும் வரிசையை இறுக்கிவிட்டால் கழுத்து தலையில் ஏறாது. கண்ணிகளைத் தளர்வாக முடியுங்கள், அல்லது அந்த வரிசைக்கு மட்டும் பெரிய ஊசி எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் அலசி, முறுக்காமல் ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கைவாக்கில் விரித்துக் காயவிடுங்கள். ஹேங்கரில் மாட்டவே கூடாது. தன் எடையிலேயே நீண்டுவிடும், 150 கிராம்தான் என்றாலும்!

★

ரஷ்யாவின் ஓரன்பர்க் ஆடுகளுக்குக் கத்தரிக்கோல் கிடையாது. குளிர் விடும் நேரத்தில் சீப்பால் வாரி அடிமயிரை எடுப்பார்கள். 16 முதல் 18 மைக்ரான்! அதை மெல்லிய பட்டு நூலோடு முறுக்கிப் பின்னும் சால்வைக்கு 'சிலந்திவலை' என்று பெயர். மோதிரம் மட்டுமல்ல, பெருவாத்து முட்டை ஓட்டுக்குள்ளும் அடங்கும் என்பது ஊர்ப் பெருமை. பாரம்பரியக் கோலங்களின் பெயர்களைக் கேளுங்கள்: எலித்தடம், பூனைப்பாதம், தேன்கூடு, பட்டாணி.

புதுச் சால்வையில் கோலம் பளிச்சென்று தெரியும், பஞ்சு அவ்வளவாக இருக்காது. தோளில் போட்டுப் பழகப் பழகத்தான் முறுக்குக்குள் ஒளிந்திருக்கும் அடிமயிர் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எலித்தடத்தையும் பூனைப்பாதத்தையும் மெல்ல மூடுகிறது.