நூறு கவிதை அடிகள் கேட்ட நபிகள் நாயகம் – தெரியுமா?

“கதைப் புத்தகத்தை மூடிவிட்டு ஓதுகிற வேலையைப் பார்!” என்று வீட்டில் அதட்டு வாங்கியவரா நீங்கள்? ஓதச் சொல்லும் அந்தக் குர்ஆனிலேயே ‘கவிஞர்கள்’ என்ற பெயரில் ஒரு சூரா இருக்கிறது, தெரியுமா? 26ஆவது சூராவான அஷ்ஷுஅரா! அதன் கடைசிப் பகுதி கவிஞர்களைக் கண்டிக்கிறது, உண்மைதான். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இறுதி வசனமான 227, ஈமான் கொண்டு நல்லது செய்யும் கவிஞர்களுக்கு விலக்குத் தந்துவிடுகிறதே!

12ஆவது சூரா யூசுஃப். 111 வசனங்கள். அது புனைவல்ல, நடந்த வரலாறு என்பதே முஸ்லிம்களின் நம்பிக்கை. ஆனால் சொல்லும் அழகைப் பாருங்கள்: 4ஆவது வசனத்தில் சிறுவர் யூசுஃப் கண்ட கனவு, 100ஆவது வசனத்தில்தான் பலிக்கிறது!

இதைக் கேளுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) வாகனத்தில் போகிறார்கள். பின்னால் தோழர் ஷரீத் (ரலி). உமைய்யாவின் கவிதை ஏதாவது தெரியுமா என்று கேட்கிறார்கள். ஷரீத் ஓர் அடி சொல்கிறார். இன்னொன்று சொல்லச் சொல்கிறார்கள். அப்புறம் இன்னொன்று. இப்படியே நூறு அடிகள்! ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. இந்த உமைய்யா யார் தெரியுமா? கடைசிவரை இஸ்லாத்தை ஏற்காத தாயிஃப் நகரத்துக் கவிஞர்!

நபியைப் பழித்துப் பாடிய கஅப் இப்னு ஸுஹைரின் கதை இன்னும் விசித்திரம். உயிருக்குப் பயந்து மதீனா வந்தவர் கஸீதா என்னும் நெடுங்கவிதை ஒன்றைப் பாடினார். அதன் தொடக்கமே, பிரிந்துபோன ஸுஆத் என்ற காதலிக்கான ஏக்கம்! மன்னிப்போடு நபியின் போர்வையும் அவருக்குக் கிடைத்தது என்கின்றன நபியின் வரலாற்றைச் சொல்லும் சீறா நூல்கள்.

சரி, கற்பனைக் கதை? 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய மருத்துவர் இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய் இப்னு யக்ஸான்’ பற்றித் தெரியுமா? ஆளில்லாத தீவு. ஒரு குழந்தை. பாலூட்டி வளர்ப்பது ஒரு பெண் மான். மான் செத்துப்போகிறது. அதன் உடம்பைவிட்டுப் போனது எது என்று அறிய, சிறுவன் மானின் நெஞ்சைப் பிளந்து பார்க்கிறான்! அந்தத் தேடல் அவனை இறைவன்வரை கொண்டுபோகிறது, ஆசிரியரும் இல்லாமல், வேதமும் இல்லாமல். இந்த நூல் 1671இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனிலும், 1708இல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்திலும் வந்தது. ‘ராபின்சன் குரூசோ’ வந்தது 1719இல்தான். குரூசோவை எழுதிய டீஃபோ இப்னு துஃபைலின் கதையைப் படித்தாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

நுரையீரல் வழியாக ரத்தம் சுற்றுவதைச் சொன்ன இப்னு நஃபீஸும் 13ஆம் நூற்றாண்டில் ஒரு தீவுக்கதை எழுதினார்!

நம் பக்கம் வருவோம். கிஸ்ஸா, மஸலா, முனாஜாத்து, நாமா: இவையெல்லாம் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்த இலக்கிய வகைகள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள். அதைப் படித்தால் அரபு நாட்டில் மழை கொட்டும், ஆறு பெருகும், வயலில் நெல் விளையும்! பாலைவனம் எங்கே என்று கேட்காதீர்கள். புலவர் பார்த்து வளர்ந்தது தமிழ்நாட்டைத்தானே.

தமிழின் முதல் நாவல் 1879இல் அச்சானது. அடுத்த ஆறே வருடத்தில், 1885இல், இலங்கையில் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திர’த்தை வெளியிட்டார். கதை தொடங்கும் ஊர் எது தெரியுமா? எகிப்தின் கெய்ரோ! 1938இல் நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் எழுதிய நாவலின் தலைப்பே ஒரு கேள்வி: ‘காதலா? கடமையா?’