ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?

மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வரச் சொல்வோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாது. சிலருக்கு டாக்டர் இன்னொன்றும் எழுதியிருப்பார்: இரவு தூங்காமல் வர வேண்டும்.

"முழிச்சாத்தான் இவனுக்கு ஃபிட்ஸே வருது. நீங்களே முழிக்கச் சொல்றீங்களேம்மா?" என்று தாய்மார்கள் பதறுவார்கள். நியாயமான கேள்வி. விழித்திருக்கையில் ஒழுங்காக ஓடும் மூளை அலைகளில், தூக்கம் கெட்டவர் கட்டிலில் கண்ணயரும்போது வலிப்பின் கூர்முனைகள் எழுவதுண்டு. கனவில்லாத தூக்கத்தில் மூளைச் செல்கள் கூட்டமாக ஒரே தாளத்துக்கு வருகின்றன. வலிப்பு பரவ அது வசதி. கனவுத் தூக்கத்தில் அந்தத் தாளம் கலைந்துவிடுவதால் வலிப்பு அரிது. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் முதன்முதலாகப் பதிவுசெய்தது 1924-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, சிலருக்கு இரவில் மட்டும் வலிப்பு வருவதை லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் கவனித்து எழுதிவிட்டார்.

என்னை அதிகம் வருத்துவது பதின்வயதுப் பிள்ளைகள்தான். காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறும். பிரஷ் தெறிக்கும், காப்பி டம்ளர் நழுவும். "கவனம் எங்கடி இருக்கு?" என்று வீட்டில் திட்டு விழும். பரீட்சைக்கு விடிய விடியப் படித்த ஒரு காலையில் முழு வலிப்பே வந்துவிடும். அப்போதும் அந்த உதறலை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. நான் கேட்டால்தான், "ஆமாக்கா, ரொம்ப நாளாவே இருக்கு" என்பார்கள்.

இது 'ஜுவனைல் மையோக்ளோனிக் எபிலெப்ஸி' என்ற வகையாக இருக்கலாம். பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் இந்த உதறலைக் கூட்டிவிடக்கூடும். அதனால் 'கை உதறுது' என்ற அந்த ஒரு வார்த்தை மருந்தையே மாற்றும்.

இரவில் வலிப்பு வந்தால் தூக்கம் துண்டுதுண்டாகிறது. தூக்கம் கெட்டால் மறுபடி வலிப்பு. இந்தச் சுழலில் இருப்பவர்களைத்தான் நைட் ஷிப்டுக்கும் விடியவிடியப் படிப்புக்கும் அனுப்புகிறோம். தூக்கத்தைக் கெடுக்கும் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். அது சீரானால் வலிப்பு குறைகிறவர்களும் உண்டு.

வலிப்புள்ள பிள்ளையைப் பரீட்சைக்காகக்கூட ராத்திரி முழிக்க வைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் கை உதறினால், அடுத்த முறை டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.