காணொளிச் சைகை மட்டம்

காணொளிச் சைகை மட்டம் என்பது எண்ணிமக் காணொளியில் ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிர்வையும் நிறத்தையும் குறிக்கும் எண் மதிப்பு ஆகும். 8 பிட் பதிவில் 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. எனினும் தொலைக்காட்சித் தரத்தில் கறுப்பு 16 இலும் வெள்ளை 235 இலும் அமைகின்றன. நிறச் சைகைகளுக்கான வரம்பு 16 முதல் 240 வரை. 0, 255 ஆகிய இரு எண்களும் ஒத்திசைவுக்கு ஒதுக்கப்பட்டவை. 1982 இல் வெளிவந்த 601 ஆம் பரிந்துரை வகுத்த இந்த வரம்பையே உயர் வரையறைத் தொலைக்காட்சிக்கான 709 ஆம் பரிந்துரையும் பின்பற்றுகிறது.

தென்காசி மாவட்டத்துக் குற்றால அருவிகள் இவ்வரம்பைச் சோதிக்கும் காட்சிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் காலத்தில் பேரருவியின் நீர் வெள்ளையாக விழும். பின்னாலுள்ள நனைந்த பாறை ஏறத்தாழக் கறுப்பாக இருக்கும். கேமராவைத் தானியங்கு முறையில் விட்டால், சட்டகத்தின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் பாறையை வெளிச்சமாக்க அது கூடுதல் ஒளியை உள்ளே விடும். அப்போது நீர்ப்பகுதி உச்ச மதிப்பில் முட்டி நிற்கும். நீரிழைகளும் திவலைகளும் ஒரே எண்ணாகிவிட, அருவி தொங்கவிட்ட வெள்ளை வேட்டி போலத் தெரியும்.

235 க்கு மேல் 254 வரை சிறிது இடம் உண்டு. பல கேமராக்கள் அங்கும், அதாவது ஏறத்தாழ 109 விழுக்காடு வரை, பதிவு செய்கின்றன. அப்பகுதியில் உள்ள விவரத்தைப் படத்தொகுப்பில் கீழிறக்கி மீட்கலாம். அதற்கும் மேலே வெட்டுப்பட்டது மீளாது. மட்டத்தைக் குறைத்தால் வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியாகும், அவ்வளவே. ஒளிபரப்புக்கு முன் பயன்படுத்தும் வரம்புக் கட்டுப்பாட்டு வடிகட்டியும் மிகுதியை அடக்குமே தவிர, இழந்ததைத் தராது.

எனவே படம்பிடிக்கும் இடத்திலேயே கவனம் தேவை. ஜீப்ரா கோடுகளை 100 விழுக்காட்டில் வைத்து, அவை நீரிலிருந்து மறையும்வரை ஒளித்துளையைச் சுருக்கலாம், போதாவிட்டால் என்.டி. ஃபில்டர் பொருத்தலாம். மேகம் விலகி வெயில் திடீரென அடிக்கும் ஊர் என்பதால் சற்றுக் குறைத்தே வைப்பது நல்லது. பாறை இருண்டுபோகும், ஆயினும் நிழலைப் பின்னர் ஓரளவு உயர்த்தலாம், இரைச்சல் கூடும் என்பதே குறை.

சில வேளை பதிவு சரியாக இருந்தும் படம் கெடுவதுண்டு. கணினித் திரைகளும் சில கைபேசிப் பதிவுகளும் 0 முதல் 255 வரையான முழு வரம்பைப் பயன்படுத்துகின்றன. முழு வரம்புக் கோப்பைத் தொலைக்காட்சி வரம்பாக எடுத்துக்கொண்டால் பாறை கருகி, அருவி வெளிறும். மாறாக நேர்ந்தால் படம் முழுதும் மங்கிச் சாம்பல் பூக்கும். இங்கு தரவு அழியவில்லை. கோப்பின் வரம்புக் குறிப்பைத் திருத்தினாலே படம் பழைய நிலைக்கு வரும்.